கழுநீர்த் தொட்டி காய்ந்த கதை

எங்கள் கொல்லையில், கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே ஒரு சிமெண்டுத் தொட்டி கிடக்கிறது. இப்போ அதில் மழைத்தண்ணியும் வேப்பஞ்சருகும்தான். அப்பாயி காலத்தில் அது கழுநீர்த் தொட்டி. அரிசி களைந்த தண்ணி, வடிச்ச கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் அதில் விழும். சாயங்காலம் தவிடும் ஊறவெச்ச கடலைப் புண்ணாக்கும் கலந்து விட்டால் மாடு சத்தம் போட்டு உறிஞ்சும். மாடு இல்லாத வீட்டிலும் வாசலில் கழுநீர்ப் பானை இருக்கும். மாட்டுக்காரர் எடுத்துப் போவார். கன்னு போட்டதும் சீம்பால் வந்து சேரும். (சோறாகவே கொட்டிடாதீங்க. அளவு மீறினா வயிறு புளிச்சு மாடு செத்தே போகும்.)

இதெல்லாம் ஒரே நாளில் நிற்கலை. முதலில் குறைஞ்சது வைக்கோல். 1966-ல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 நெல் வந்தது. குட்டை ரகம், உரம் போட்டாலும் சாயாது, வாங்கின சத்தை மணிக்குக் கொடுக்கும், தாளுக்கு இல்லை. மார்பளவு வளர்ந்த நெல் போட்ட தாத்தாவுக்கு வைக்கோல் போர் சின்னதாப் போனது. அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நெல் பசியை ஆத்தியிருக்கு. ஆனால் மாட்டின் பங்கை யாரும் கணக்கில் எடுக்கலை. பிறகு அறுவடை மெஷின் வந்தது. இன்னைக்கு வைக்கோலை உருளையாகக் கட்டி லாரியில் ஏத்தி கேரளா வரைக்கும் அனுப்புறாங்க.

அடுத்தது தவிடு. உரலில் குத்தினப்போ அது வீட்டோடயே இருந்தது. ஹல்லர் மில் வந்தப்போ உமியும் கலந்து வந்தது. ஆனாலும் மூட்டையில் நம்ம வீட்டுக்குத்தான் வந்தது. தவிட்டில் எண்ணெய் இருக்கு, நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேலேயே. அரைச்ச சில நாளில் காறிப்போகும் என்பதால் அந்தக் காலத்தில் உடனே மாட்டுக்குப் போட்டாகணும். புது மில்கள் உமியைத் தனியாப் பிரிச்சதும் சுத்தமான தவிடு நேரா எண்ணெய் ஆலைக்குப் போச்சு. இப்போ நான் வாங்கின தீவன மூட்டையில் எழுதியிருந்தது: எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு. நம்ம வயல் தவிடு, எண்ணெயைக் கொடுத்துட்டு விலையோட திரும்பி வருது!

கஞ்சியை நிறுத்தினது குக்கர். 1959 வாக்கில் நம்ம நாட்டிலேயே அது தயாராக ஆரம்பிச்சது. எங்க ஊருக்கு வர இன்னும் ரொம்ப வருஷம் ஆச்சு. வந்த பிறகு வடிக்க வேண்டிய வேலையே இல்லை.

வைக்கோல், தவிடு, புண்ணாக்கு எல்லாத்தையும் காசு கொடுத்து வாங்கி மாடு வளர்த்தேன். ஒரு மாதம் உட்கார்ந்து நோட்டில் எழுதிப் பார்த்தேன். பால் காசு தீவனத்துக்கே பத்தலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கடைசிப் பசுவை வித்துட்டேன்.

அம்மா மட்டும் இன்னும் பானையில்தான் சோறு வடிக்கிறாங்க. கஞ்சியைத் தூக்கிக்கிட்டு தொட்டி வரைக்கும் போவாங்க. ஒரு நிமிஷம் நின்னுட்டு, பக்கத்துத் தென்னை மரத்தடியில் ஊத்திட்டு வருவாங்க.