செல்வந்த நாடு உதவி பெறலாமா? வரலாறு தரும் பதில்



வறியவருக்கு ஈவது கடமை என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் சிந்தனைக்குரிய கேள்வி ஒன்று உண்டு. செல்வமும் இராணுவ பலமும் நிறைந்த நாடொன்றைப் புயலோ பூகம்பமோ தாக்கும்போது, அதனைவிட வறிய நாடுகள் அதற்கு உதவி அனுப்புவது முறையாகுமா? அனுப்பினாலும், அந்த நாடு அதனைப் பெற்றுக்கொள்வது தகுமா? "உள்ளவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்று நம்மில் பலரும் இலேசாகக் கேட்டுவிடுகின்றோம். பதில் கூறுமுன் வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. அதனைத் தொடர்ந்து மூண்ட தீ நகரின் பெரும் பகுதியை எரித்தது. சுமார் 3,000 பேர் மாண்டனர். நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். அப்போதைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், வெளிநாட்டு அரசாங்கங்களின் உதவி தமக்குத் தேவையில்லை என்று மறுத்தார். எனினும் ஜப்பானியர் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாக 240,000 டொலருக்கும் அதிகமான தொகையை அளித்தனர். ஏனைய வெளிநாடுகள் அனைத்தும் சேர்ந்து கொடுத்ததைவிட அது அதிகமாகும்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அதே சான் பிரான்சிஸ்கோ நகரின் கல்விச் சபை, ஜப்பானியப் பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளோடு அமர்ந்து கற்கலாகாது, ஆசிய இனத்தவருக்கான தனிப் பாடசாலைக்கே செல்ல வேண்டும் எனக் கட்டளை பிறப்பித்தது. ஜனாதிபதியே தலையிட்டு அடுத்த ஆண்டில்தான் அது விலக்கப்பட்டது. பணத்தைப் பெற்றுக்கொண்ட நகரம் அதனை அனுப்பிய மனிதரை ஏற்றுக்கொள்ளவில்லை.

1923 செப்டம்பர் முதலாம் திகதி டோக்கியோவையும் யோகோஹாமாவையும் பூகம்பமும் தீயும் அழித்தன. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் மடிந்தனர். இம்முறை அமெரிக்க மக்கள் மில்லியன் கணக்கான டொலர்களைத் திரட்டி அனுப்பினர். ஆனால் ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, ஜப்பானியர் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுக்கும் 1924ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறிற்று. கொடுப்பதும் பெறுவதும் கையோடு நின்று, உள்ளத்தைத் தொடாதுபோனால், அவற்றால் விளையும் நட்பு நிலைப்பதில்லை என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்றாகும்.

வாசக நேயர்களே! இனி நாம் வாழும் காலத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நமது கரையோரங்களைச் சூறையாடியது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, கிண்ணியா, அம்பாந்தோட்டை என்று நம் ஊர்கள் அழுத அழுகை இன்னும் செவியில் ஒலிக்கின்றது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் அதிகமான உயிர்கள் பறிபோயின. உலகமே நமக்கு உதவியது.

எட்டு மாதங்கள் கழிந்தன. 2005 ஓகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா என்னும் சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. அணைகள் உடைந்து, நியூ ஓர்லியன்ஸ் நகரின் சுமார் 80 வீதமான நிலப்பரப்பு நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மரணித்தனர். உலகின் முதற் செல்வந்த நாட்டில் கூரைகளின் மேல் ஏறி நின்று மனிதர் உதவிக்குக் கையசைத்த காட்சிகளைத் தொலைக்காட்சியில் நாம் யாவரும் கண்டோம். வெளிநாடுகளிடமிருந்து அதிகம் எதிர்பார்க்கவில்லை என்று ஜனாதிபதி புஷ் முதலில் கூறினார். ஆனால் வெளியுறவுச் செயலாளர் கொண்டலீசா ரைஸோ, துயர் தணிக்க உதவும் எதனையும் மறுக்கப்போவதில்லை என்று அறிவித்தார்.

குவைத் 500 மில்லியன் டொலர் பெறுமதியான எண்ணெயையும் நிதியையும், கட்டார் 100 மில்லியன் டொலரையும் அறிவித்தன. பங்களாதேஷ் ஒரு மில்லியன் டொலரையும், போரில் நொந்த ஆப்கானிஸ்தான் 100,000 டொலரையும் அளிக்க முன்வந்தன. இன்னும் கூடாரங்களில் மக்களை வைத்திருந்த நமது நாடு, அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 25,000 டொலரை வழங்கியது. அமெரிக்காவின் செல்வத்துக்கு முன் அது கடலில் விழும் ஒரு துளி. ஆயினும் அந்தத் துளியை அனுப்பியவர்கள் கடலின் சீற்றத்தை அறிந்தவர்கள்.

அந்த உதவிகளுக்கு என்ன நேர்ந்தது? அதுவே நாம் படிக்க வேண்டிய பாடம். ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான மருத்துவர்களை அனுப்ப கியூபா முன்வந்தது. அரசியல் பகை காரணமாக அது ஏற்கப்படவில்லை. பிரித்தானியா முதலிய நாடுகள் அனுப்பிய ஆயத்த உணவுப் பொதிகள், மாட்டிறைச்சி தொடர்பான இறக்குமதி விதிகளால் பகிர்ந்தளிக்க முடியாது களஞ்சியத்தில் முடங்கின. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தியறிக்கை ஒன்றின்படி, நட்பு நாடுகள் பணமாகவும் எண்ணெயாகவும் அளிக்க முன்வந்த 854 மில்லியன் டொலரில் அதுவரை பயன்படுத்தப்பட்டது 40 மில்லியன் மாத்திரமே. கொடுத்துப் பழகிய அந்நாட்டு அரசிடம் பெற்றுக்கொள்வதற்கான ஒழுங்கு ஏதும் ஆயத்தமாக இருக்கவில்லை.

கட்டார் நாடோ தனது நிதியைப் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வீடமைப்பு நிறுவனங்களுக்கும் நேரடியாகவே வழங்கியது. கறுப்பின மாணவர் பெருமளவில் கற்கும் சேவியர் பல்கலைக்கழகத்துக்கு 17.5 மில்லியன் டொலர் கிடைத்தது. அங்கே மருந்தியல் பீடத்துக்கென எழுந்த கட்டடம் கட்டாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபத்தை நாம் மறைக்கலாகாது. கத்ரீனா வீசி நாற்பது நாட்களில், 2005 ஒக்டோபர் 8ஆம் திகதி, காஷ்மீர்ப் பூகம்பம் நிகழ்ந்தது. பாகிஸ்தானில் மட்டும் 73,000க்கும் அதிகமானோர் மரணித்தனர். இலட்சக்கணக்கானோர் பனிக்காலத்தை வெட்டவெளியில் எதிர்கொண்டனர். தன் கருவூலத்தைக் கொண்டே மீண்டெழக்கூடிய நாட்டுக்குச் சென்ற பணம் அந்த மலைகளுக்குச் சென்றிருந்தால் எத்தனை உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று ஒருவர் கேட்பாராயின், அக்கேள்வி நியாயமானதே. அமெரிக்காவின் கஷ்டம் பணமின்மையால் வந்ததன்று. இருந்த பணத்தை உரிய வேளையில் உரியவரிடம் சேர்க்காமையால் வந்தது.

ஆயினும் இந்த ஆட்சேபம் உதவியின் அளவைப் பற்றியதே தவிர, உதவியைப் பற்றியதன்று. நமது மார்க்கம் இதற்கு அழகிய விளக்கத்தைத் தருகின்றது. ஸூரத்துத் தௌபாவில் ஸகாத் பெறத் தகுதியுடையோரென எண்வகையினர் கூறப்பட்டுள்ளனர். அவர்களுள் ஒருவர் வழிப்போக்கர். சொந்த ஊரில் செல்வந்தராயினும், வழியில் கையிழந்து நிற்பவர் அவ்வேளையில் உதவிக்கு உரியவராகின்றார். வெள்ளத்தில் கூரைமேல் நின்ற மனிதருக்கு அவரது நாட்டின் கருவூலம் என்ன பயனைத் தந்தது? அந்த நேரத்தில் அவரும் ஒரு வழிப்போக்கரே.

மேலும், நபி (ஸல்) அவர்கள் ஸதகாவை உண்ணமாட்டார்கள். ஆனால் ஹதியாவை ஏற்றுக்கொள்வார்கள். தர்மம் வேறு, அன்பளிப்பு வேறு. முஃத்தாப் போரில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதானபோது, அவரது குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். அக்குடும்பத்தார் துயரில் ஆழ்ந்திருந்தமையே அதற்குக் காரணம், வறுமையன்று. இன்றும் நம்மூர்களில் ஜனாஸா வீட்டுக்கு அயலவர் சாப்பாடு கொண்டுசெல்கின்றனரே! அந்த வீட்டார் ஊரிலேயே பெரிய தனவந்தராயிருந்தாலும் அதனை மறுப்பதில்லை. கொண்டுசெல்பவர் கூலித் தொழிலாளியாயிருந்தாலும் தயங்குவதில்லை.

இந்தப் பண்பை ஜப்பான் அனுபவத்தால் கற்றுக்கொண்டது எனலாம். 1995 ஜனவரி 17ஆம் திகதி கோபே நகரில் நிகழ்ந்த பூகம்பத்தில் 6,400க்கும் அதிகமானோர் மாண்டபோது, வெளிநாட்டு உதவியை ஏற்பதில் அதன் அரசு தயக்கமும் தாமதமும் காட்டியது. சுவிற்சர்லாந்தின் மீட்பு நாய்கள்கூட உடனடியாக அனுமதிக்கப்படவில்லை. அதற்காகக் கடும் கண்டனத்தைச் சந்தித்தது. 2011 மார்ச் 11ஆம் திகதி பூகம்பமும் சுனாமியும் அதன் வடகிழக்குக் கரையை அழித்தபோதோ நிலைமை மாறியிருந்தது. 160க்கும் மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் உதவ முன்வந்தன. பல நாடுகளின் மீட்புக் குழுக்களை ஜப்பான் வரவேற்றது. இலங்கை ஒரு மில்லியன் டொலரையும் நமது தேயிலையையும் அனுப்பியது. சுனாமிக்குப் பின் நமக்கு உதவிய நாட்டுக்கு, சுனாமியை அனுபவித்த நாடு செய்த கைம்மாறு அது.

இந்த உறவின் வேர் இன்னும் ஆழமானது. 1951 செப்டம்பரில் நடைபெற்ற சமாதான மாநாட்டில், தோற்றுப்போன ஜப்பானிடம் நட்டஈடு கோரமாட்டோம் என்று இலங்கையின் சார்பில் ஜே.ஆர். ஜயவர்தன அறிவித்தார். அந்த மாநாடு நடந்த இடமும் சான் பிரான்சிஸ்கோ நகரமே!

ஆகவே, அன்பார்ந்த வாசகர்களே, நமது முடிவு இதுதான். செல்வந்த நாடு உதவியைப் பெறலாம், பெறவும் வேண்டும். எனினும் பெறுபவருக்கும் சில கடமைகள் உண்டு. தேவையானது எது, தேவையற்றது எது என்பதை உடனே தெளிவாகச் சொல்ல வேண்டும். பெற்றதைக் களஞ்சியத்தில் அழுகவிடாது பாதிக்கப்பட்டோரிடம் சேர்க்க வேண்டும். வறிய நாட்டின் சிறு தொகையைப் பெரிய தொகைக்குரிய மரியாதையோடு ஏற்க வேண்டும். அந்நாட்டுக்குத் துன்பம் வரும் நாளில் அதனை நினைவில் வைத்திருக்க வேண்டும். கொடுப்பவரும் தன் எல்லையை அறிந்து, பெருந்தொகையை மிக வறியோருக்கென ஒதுக்கி, வசதியுள்ளோருக்கு அன்பின் அடையாளமாக ஒரு பங்கை அனுப்புவதே நீதியாகும்.

எப்போதும் கொடுத்துக்கொண்டே இருப்பவனுக்குத் தான் யாரிடமும் தேவையற்றவன் என்ற பெருமை உள்ளத்தில் புகுந்துவிடக்கூடும். தேவையற்றவன் அல்லாஹ் ஒருவனே. நாமனைவரும் தேவையுடையோர். உங்கள் ஊரின் தனவந்தர் வீட்டில் துயரம் நிகழும்போது, "அவர்களுக்கு என்ன குறை" என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் துயரம் நிகழும்போது, ஏழை அயலவர் கொண்டுவரும் சோற்றுப் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கொடுப்பதில் பணிவையும் பெறுவதில் கண்ணியத்தையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.