மான் வேட்டை ரைபிளும் குண்டும்

மான் வேட்டைக்கேற்ற ரைபிளைத் தேர்வது அமைப்பு, குழலளவு, குண்டு ஆகிய மூன்றையும் பொறுத்தது. இம்மூன்றின் வரலாறும் போர்க்களத்தில் தொடங்குகிறது.

ஜெர்மானியரான பவுல் மவுசர் 1898-இல் நிறைவாக்கிய ரைபிளில், கதவுத் தாழ்ப்பாள் போன்ற உருளையொன்று குழலின் பின்வாயை அடைத்து நிற்கும். அதன் பிடியைத் தூக்கிப் பின்னிழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியேறும். முன்தள்ளினால் புதியது உட்புகும். அமெரிக்கப் படையின் 1903-ஆம் ஆண்டு ஸ்பிரிங்பீல்டு ரைபிளும் இம்முறையைத் தழுவியதே. அதற்கென 1906-இல் அமைந்த 0.30 அங்குலத் தோட்டா, முதல் உலகப் போருக்குப்பின் வேட்டைக் காடுகளிலும் பரவிற்று. 1925-இல் வின்செஸ்டர் நிறுவனம் அவ்வகைத் தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி 0.270 அளவை வெளியிட்டது. 1955-இல் அதனினும் சிறிய 0.243 அளவையும் வெளியிட்டது. எடை குறைந்த குண்டை விரைந்து செலுத்துவதே இவற்றின் சிறப்பு.

ஆயினும் குழலளவு மட்டும் போதாது. படைவீரனின் குண்டு முழுதும் உலோக உறை போர்த்தது. அது மானை ஊசிபோல் துளைத்துச் சென்றுவிடக்கூடும். காயமுற்ற மான் நெடுந்தூரம் ஓடி மெல்ல மடியும். முனை மென்மையான குண்டோ உட்சென்று விரிந்து விரைவில் உயிர் போக்கும். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய குண்டு செய்யப்பட்டது. கொடியதெனக் கருதி, 1899-ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டுப் பிரகடனம் விரியும் குண்டுகளைப் போரில் விலக்கியது.

இங்கிலாந்து, வேல்சு நாடுகளுக்கான 1963-ஆம் ஆண்டு மான் சட்டமோ, 0.240 அங்குலத்திற்குக் குறைந்த ரைபிளை விலக்கியதோடு, முனை மென்மையான அல்லது குழிந்த குண்டையே விதித்தது. போரில் கொடுமையென விலக்கப்பட்டது வேட்டையில் இரக்கமெனக் கொள்ளப்பட்டது. கொல்லத் துணிந்தவன் துன்பத்தை நீட்டலாகாது என்பதே அச்சட்டத்தின் உட்கிடை.