வெயிலில் காய்ந்த பேட்டரிக் கட்டை

மலையின் ஓசைகளை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்லும் மலைபடுகடாமின் தலைவன் நன்னன். அவனுடைய செங்கண்மாதான் ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கம். கூத்தர்கள் இசைக்கருவிகளைச் சுமந்து நடந்த இந்த நாட்டில், இருபதாம் நூற்றாண்டில் தோளில் தொங்கியது டிரான்சிஸ்டர் ரேடியோ.

தமிழகத்தில் ஒலிபரப்பு 1924-இல் சென்னையில் ஒரு ரேடியோ கிளப்பாகத் தொடங்கியது. அரசின் வானொலி நிலையம் சென்னைக்கு 1938-இலும் திருச்சிக்கு 1939-இலும் வந்தது. ரேடியோ வைத்திருக்கத் தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் 1980-களில்தான் நீங்கியது. அறுபதுகளில் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்குத் தஞ்சை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்று பேர் வைத்தார்கள்.

இத்தனை மதிப்புள்ள பெட்டி கெட்டுப்போனால் வீடே மருத்துவராகிவிடும்.

வால்வு செட் போட்டவுடன் பாடாது. வால்வு சூடேறும்வரை எல்லோரும் பெட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முள்ளை இழுக்கும் நூல் நழுவிவிட்டால் முள் திருச்சியில் நிற்கும், பேசுவதோ இலங்கை வானொலியாக இருக்கும். அது பலருக்கு மகிழ்ச்சிதான். 1952-இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் வானொலியில் சினிமாப் பாட்டுகளைக் குறைத்தபின், பாட்டுக்கு இலங்கையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 1957-இல் விவிதபாரதி வந்தது, அப்படியும் இலங்கை மவுசு குறையவில்லை.

டிரான்சிஸ்டரில் குரல் தேய்ந்தால் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி வெயிலில் வைப்பார்கள். சூட்டில் உள்ளே வேதிவினை சற்று வேகமாகும், கட்டை இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். வால்யூம் திருகினால் கரகரக்கும். உள்ளே கார்பன் பாதையில் தூசு படிந்திருக்கும். மெக்கானிக் அதைத் துடைத்துக் கொடுத்தால் தீரும்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. 1984-இல் நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் மளமளவென்று எழுந்தபின் சிற்றூர்களுக்கும் படம் எட்டியது. டிவி அலை நேர்கோட்டில் செல்வதால் மலை குறுக்கிட்டால் படம் மங்கும். ஆகவே ஒருவர் மாடியில் ஆன்டெனாவைத் திருப்புவார், ஒருவர் ஜன்னலோரம் நின்று “இன்னும் கொஞ்சம்… போச்சு, பழையபடி வை!” என்று கத்துவார். அப்படியும் படம் உருண்டால் பெட்டியின் மண்டையில் ஒரு தட்டு. விரிசல் விட்ட ஈயப் பற்று அந்த அதிர்வில் ஒட்டிக்கொள்ளும், படம் நிற்கும். தட்டியவருக்கு அன்று முழுக்க மரியாதை.

2006-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச கலர் டிவிகளும் பிக்சர் டியூப் பெட்டிகள்தாம். தட்டுக்கும் ஈயத்துக்கும் அப்போதும் வேலை இருந்தது. தட்டைத் திரைகள் வந்தபின் பெரும்பாலும் போர்டையே மாற்றுகிறார்கள்.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தொல்லியல் துறை படியெடுத்து 1972-இல் நூலாக்கியது. அதுபோல, கடைத்தெருக்களில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து, கரகரப்பைக் கேட்டே கோளாறைச் சொன்ன ரேடியோ மெக்கானிக்குகளின் கைத்திறனையும் அவர்கள் வாய்மொழியாகவே இப்போது பதிவு செய்ய வேண்டும். அந்தத் தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.