குறவர் பற்றிய வார்ப்புச் சித்திரங்கள்

குறி சொல்லும் குறத்தி, விவரமறியாத காட்டுவாசி, பிறவித் திருடன் என்று குறவர் மக்களைப் பற்றி இலக்கியமும் காவல்துறைக் குறிப்புகளும் திருவிழா மேடையும் பரப்பிவந்த பிம்பங்கள். கூடை, முறம் பின்னியும் பன்றி வளர்த்தும் உப்பு விற்றும் வாழ்ந்த உண்மையான குறவரை இவை மறைத்தன.

இலக்கியத்தில்
17, 18ஆம் நூற்றாண்டுகளில் செழித்த குறவஞ்சி நாடகங்களில் குறத்தி தலைவியின் கைபார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுவாள். குற்றாலத்தைப் பாடும் திருக்குற்றாலக் குறவஞ்சியில், குறத்தியின் கணவன் சிங்கன் அவள் காலில் கிடக்கும் சிலம்பைப் பாம்பென்று நினைக்கிறான். அவையோரைச் சிரிக்கவைத்த இக்காட்சி குறவரை நகையறியாத வெகுளிகளாக நிறுத்தியது.

ஐரோப்பாவில் ரோமா மக்களுக்கும் இதே வார்ப்பு வாய்த்தது. செர்வாண்டிஸின் 1613ஆம் ஆண்டுக் கதை ஒன்று நாடோடிகளைத் திருடப் பிறந்தவர்கள் என்றே தொடங்குகிறது. இங்கிலாந்து 1530இல் அவர்களை வெளியேற்றச் சட்டம் இயற்றியது. ஸ்பெயின் 1749இல் ஒட்டுமொத்தமாகச் சிறைபிடித்தது.

சட்டத்தில்
உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகச் சென்ற உப்புக் குறவரின் பிழைப்பை ரயிலும் அரசின் உப்பு ஏகபோகமும் நசுக்கின. பிழைப்பிழந்து அலைந்தவர்களை காவல்துறை அதிகாரி முல்லாலி 1892இல் எழுதிய நூல் குற்ற வகுப்பினர் வரிசையில் வைத்தது. ஹாட்ச் என்ற பாதிரியார் 1928இல் தம் நூலுக்கு ‘இந்தியாவின் நிலக் கொள்ளையர்’ என்றே பெயரிட்டார். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றனர். கைரேகை பார்ப்பவர் என்று பெயர்பெற்ற சமூகத்தாரின் விரல்ரேகையைக் காவல் நிலையங்கள் பதிந்தன. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் மறவரும் இச்சட்டத்துக்கு ஆளாயினர். சென்னை மாகாணத்தில் 1947இல் அது ஒழிந்தது.

இன்று
வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் வேறு சமூகம். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகப் பார்ப்பதும் பழைய பிழையே. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குறவரில் ஒரு பகுதியினர் பட்டியல் சாதியிலும், உப்புக் குறவர், இஞ்சிக் குறவர் போன்றோர் சீர்மரபினரிலும் பிரிந்து கிடக்கின்றனர்.

தென்மாவட்டத் திருவிழாக்களில் கரகாட்டத்தோடு ஆடப்பட்ட குறவன் குறத்தி ஆட்டம் ஆபாசமாகத் திரிந்து ஒரு சமூகத்தின் பெயரையே கேலியாக்கியது. குறவர் சமூகத்தினரின் நெடுநாள் எதிர்ப்புக்குப் பின் 2023இல் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது.