புளியமரமும் பாய்மரமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால் அமைந்தது கொட்டியாரக் குடா. அதன் கரையிலுள்ள மூதூரில் 1893ஆம் ஆண்டு நாட்டப்பெற்ற கல்லொன்று 'வெள்ளையன் மரம்' ஒன்றினைச் சுட்டுகின்றது. 'ஆன்' என்னும் கப்பலின் தலைவன் றொபேட் நொக்ஸ் 1660இல் அம்மரத்தின்கீழ்ப் பிடிபட்டுப் பத்தொன்பதாண்டு கண்டியரசனிடம் சிறையிருந்தான் என்பது அக்கல் கூறும் செய்தி. இக்கூற்று ஆராய்தற்குரியது.

1659 நவம்பர் 19ஆம் நாள் மசூலிப்பட்டினத்தில் வீசிய பெரும்புயலில், கப்பலைக் காத்தற்பொருட்டு மாலுமிகள் அதன் பெரும் பாய்மரத்தைத் தாமே வெட்டி வீழ்த்தினர். காட்டில் ஒருமுறை வெட்டுண்ட மரம் கடலில் மறுமுறையும் வெட்டுண்டது. வேறு பாய்மரம் நிறுத்தவே அக்கப்பல் கொட்டியாரத்தை அடைந்தது. கரையிறங்கிய தலைவன் புளியமரமொன்றின் நிழலில் ஐயமின்றி அமர்ந்திருக்க, இரண்டாம் இராசசிங்கனின் வீரர் சூழ்ந்து அவனைப் பற்றினர். மரத்தை நாடி வந்தவன் மரத்தடியிலேயே சிறைப்பட்டான்.

அத்தலைவன் தந்தையாகிய நொக்ஸ். அவன் 1661இல் நோயுற்றுச் சிறையிலேயே மாண்டான். பத்தொன்பதாண்டு சிறையிருந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பியவன் அதே பெயர் பூண்ட மைந்தன். கல்லெழுத்தோ இருவரையும் ஒருவராக்கி, தந்தையின் மரணத்தை மறைத்துவிட்டது.

மைந்தன் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் வெளிவந்தது. தாளிப்பனையோலையின்கீழ் மனிதன் மழைக்கு ஒதுங்கும் சித்திரம் அதிலுள்ள செப்புத்தகட்டுச் சித்திரங்களுள் ஒன்று. மரம் மனிதனைக் காக்கும் காட்சி அது. ஆயின், நூலின் உரை மறுபுறத்தையும் காட்டுகின்றது. வாழ்நாளின் இறுதியில் ஒருமுறையே காய்க்கும் அம்மரத்தை, காய்க்குமுன்னரே வெட்டி அதன் சோற்றை மாவாக்கி உண்பர் என்கின்றது. அரசமரம் நட்டவன் விரைவில் இறந்து சுவர்க்கம் புகுவான் என்று அந்நாள் மக்கள் நம்பினர் என்றும், ஆதலின் முதியோரே அதனை நட்டனர், இளையோர் நடத் துணிந்திலர் என்றும் நொக்ஸ் எழுதினான். புண்ணியம் என்று அறிந்தும் கைநீட்டத் தயங்கும் மனித இயல்புக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சித்திரம் நிழலை மட்டும் காட்டிற்று. கல் பெயரை மட்டும் காத்தது. இரண்டினையும் உரையோடு ஒப்புநோக்குவார்க்கே வெட்டுண்ட பாய்மரமும் மறக்கப்பட்ட தந்தையும் புலனாவர். நினைவுக்கல்லைப் படிக்கும் மாணவர் அது சொல்லாது விட்டதையும் வினவுதல் வேண்டும். வரலாற்றுக் கல்வி அங்கேயே தொடங்குகின்றது.