விமானப் பயணமும் வேப்பும்: புகையை விட முயல்வோரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை



சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி நம்மிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குவோம். அவருடைய கணவர் துபாயில் வேலை செய்கிறார். இருபது வருடத்துக்கும் மேலாக நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தவர். நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, இனி ஒன்றுகூடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து எட்டு மாதமாக அவர் சிகரெட்டைத் தொடவில்லை. அந்த இடத்தில் வேப் வந்துவிட்டது. மகளின் நிக்காஹுக்கு ஊர் வரப்போகிறார். “அதை எடுத்து வரலாமா ஹஜ்ரத்? வராவிட்டால், கல்யாண வீட்டில் மச்சான்மார் சிகரெட்டை நீட்டும்போது கையை நீட்டிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது” என்றார் அந்தச் சகோதரி.

எடுத்து வரக் கூடாது என்பதுதான் பதில். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தினால் அவருடைய பயத்துக்குப் பதில் சொன்னதாகாது. சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பினால், மனிதர் எட்டு மாத உழைப்பை இழந்து சிகரெட்டுக்குத் திரும்பவும் கூடும். ஆகவே நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் மூலம் இ-சிகரெட்டுகளைத் தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, எடுத்துச் செல்லுதல், விற்பனை, விநியோகம், இருப்பு வைத்தல், விளம்பரம் எல்லாம் இதில் அடக்கம். முதல் முறை குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும். இருப்பு வைத்ததற்கு மட்டும் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

“விற்கவா கொண்டுவருகிறேன்? என் சொந்த உபயோகத்துக்குத்தானே” என்று சகோதரர்கள் கேட்பதுண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரு பொருளை உள்ளே கொண்டுவருவதே இறக்குமதிதான். அது ஒன்றா நூறா என்பது பிறகு வரும் பேச்சு. “இதில் நிகோடினே இல்லை, வெறும் ஃப்ளேவர்தான்” என்ற வாதமும் நிற்காது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியைத் தரும் மின்கருவி என்றுதான் சட்டம் வரையறுக்கிறது. வளைகுடாவில் பரவலாக இருக்கும் இ-ஷீஷாவும், புகையிலைக் குச்சியைச் சூடாக்கிப் பயன்படுத்தும் கருவிகளும் இதற்குள் வந்துவிடும்.

இங்கே ஒன்றைக் குறிப்பாகச் சொல்லியாக வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது அறைத் தோழர் ஒரு கவரைக் கொடுத்து, “இதைத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்” என்பது நம் மக்களிடம் சாதாரணம். அமானிதம் என்று வாங்கிக்கொள்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். கஸ்டம்ஸில் பெட்டியைத் திறக்கும்போது அது கொண்டுவந்தவரின் பொருள்தான். கேளுங்கள், பிரித்துப் பாருங்கள். மனைவியின் கைப்பையிலோ பிள்ளைகளின் ஸ்கூல் பையிலோ வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்கேனருக்கு யாருடைய பை என்பது தெரியாது. மாட்டிக்கொண்டு நிற்கப்போவது அந்தப் பெண்மணிதான்.

கைப்பையா, லக்கேஜா?

குழப்பம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது. வெளிநாட்டு விமான நிறுவனங்களின் விதிகளைப் படித்தால், இ-சிகரெட்டைக் கைப்பையில் கொண்டு செல்லலாம், செக்-இன் லக்கேஜில் வைக்கக் கூடாது என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இந்தியாவுக்கும் கொண்டு வரலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த விதி விமானத்தின் பாதுகாப்பைப் பற்றியது. இறங்கும் நாட்டின் சட்டத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. விமானம் ஏற்றிக்கொண்டது என்பதற்காக நாடு ஏற்றுக்கொள்ளும் என்று ஆகாது.

அந்த விதி ஏன் வந்தது என்று தெரிந்துகொள்வதும் நல்லது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில், பயணி ஒருவரின் லக்கேஜுக்குள் இருந்த இ-சிகரெட் சூடாகித் தீப்பிடித்து, விமானத்திலிருந்து எல்லோரையும் இறக்க வேண்டியதாயிற்று. 2015 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெட்டி இணைப்பு விமானத்தைத் தவறவிட்டது. அது விமான நிலையத்திலேயே எரிந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள். அதற்குள்ளும் இ-சிகரெட். அந்தப் பெட்டி விமானத்தில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு ஜூனில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, இ-சிகரெட்டை செக்-இன் லக்கேஜில் வைப்பதையும் விமானத்துக்குள் சார்ஜ் போடுவதையும் தடை செய்தது.

காரணம் லித்தியம் பேட்டரி. அது அடிபட்டாலோ, பைக்குள் பொத்தான் அழுந்திச் சூடாகிவிட்டாலோ, தன் வெப்பத்தாலேயே மேலும் மேலும் சூடாகும். சரக்கு அறையில் இருக்கும் தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கும். பேட்டரிக்குள் நடப்பதை அதனால் நிறுத்த முடியாது. பயணிகள் பகுதியில் என்றால் ஊழியர்கள் உடனே பார்த்து, தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும். ஆகவேதான் கைப்பை. துபாயிலிருந்து லண்டன் போவது போல, இரு பக்கமும் அனுமதி உள்ள பயணம் என்றால் கருவியை அணைத்து, கழற்ற முடிந்த பேட்டரியைக் கழற்றி உறையில் இட்டு, கைப்பையில் வைக்க வேண்டும். பேட்டரி 100 வாட் ஹவருக்கு மேல் போகக் கூடாது. திரவக் குப்பி 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். டேங்கை நிரப்பி வைத்தால் மேலே போகும்போது காற்றழுத்தம் குறைந்து கசியும், காலியாக வைப்பதே நல்லது. கடைசி நேரத்தில் கேட்டில் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்பினால், கொடுப்பதற்கு முன் கருவியை வெளியே எடுத்துவிடுங்கள்.

வழியில் வரும் நாடுகள்

இதில் சிங்கப்பூர்தான் மிகக் கடுமை. அங்கே 2018 பிப்ரவரி 1 முதல் இ-சிகரெட்டை வாங்குவதும், பயன்படுத்துவதும், வைத்திருப்பதுமே குற்றம். 2025 செப்டம்பர் முதல் நடவடிக்கைகள் இன்னும் கடுமையாகியுள்ளன. வேப் திரவத்தில் கலக்கப்பட்டு வந்த எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பிள்ளைகள் அங்கே படித்தால் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். தாய்லாந்திலும் தடை உண்டு. ஹாங்காங்கில் 2022 ஏப்ரல் இறுதியிலிருந்து இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை. கத்தாரிலும் அனுமதி இல்லை. பக்கத்திலேயே இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்திலோ 2019 முதல் சட்டப்படி விற்கிறார்கள். ஒரு வளைகுடா நாட்டின் பழக்கத்தை இன்னொன்றுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

உம்ரா போகிறவர்களுக்கு: சவூதியில் வேப் விற்பனை உண்டு. ஆனால் இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே சட்டம் குறுக்கே நிற்கிறது, ஏற்றுமதியும் தடைதான். இஹ்ராமில் நறுமணம் தவிர்க்கப்பட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நறுமணம் ஏற்றிய ஆவியை வாயிலும் தாடியிலும் உடையிலும் படரவிட்டுக்கொண்டு ஒருவர் தவாஃப் செய்வதை நம் மனம் ஒப்பவில்லை.

கழிவறைக்குள்

ஆவிதானே, புகை இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று விமானக் கழிவறைக்குள் இழுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அங்குள்ள கருவி ஆவிக்கும் சத்தம் போடும். இந்திய விமான விதிகளின்படி விமானத்துக்குள் புகைப்பது குற்றம். இறங்கியதும் போலீசிடம் ஒப்படைக்கப்படுவார்.

புகைக்கக் கூடாது என்ற விமானத்தின் கழிவறையிலும் சாம்பல் கிண்ணம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலரும் இதைக் கேலியாகப் பேசுவார்கள். 1973 ஜூலை 11 அன்று ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் வந்த வாரிக் விமானத்தின் பின்பகுதிக் கழிவறையில் தீப்பிடித்தது. ஓர்லி விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் வெங்காய வயலில் இறக்கினார்கள். 134 பேரில் 123 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால். குப்பைத்தொட்டியில் போட்ட சிகரெட் துண்டே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. தடையை மீறி ஒருவர் புகைத்தாலும் துண்டைக் காகிதக் குப்பையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கிண்ணம் இன்றும் இருக்கிறது.

சரி, அந்த சகோதரர் என்ன செய்வது?

முதலில் வேப்பைப் பற்றி நேர்மையாக ஒரு வார்த்தை. பிரிட்டனில் புகையை விட விரும்புவோருக்கு அரசு மருத்துவ சேவையே அதை ஒரு வழியாகச் சொல்கிறது. அதனால் விட்டவர்கள் உண்டு என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனமோ அதை ஊக்குவிப்பதில்லை. இந்தியாவில் அது மருந்தாக அனுமதிக்கப்படவில்லை. நாம் பார்த்தவரை, சிகரெட்டை முழுதாக விட்டு வேப்புக்கு வந்தவர்கள் சிலர். வீட்டில் வேப், டீக்கடையில் சிகரெட் என்று இரண்டையும் பிடித்துக்கொண்டவர்கள் பலர். அந்தச் சகோதரர் முதல் வகை, ஆகவே அவரை ஏளனம் செய்ய நமக்கு மனமில்லை. ஆனால் அடுத்த படி அவர் எடுத்துவைக்க வேண்டியதே. ஊர்ப் பயணம் அதற்கு ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டது.

துபாயிலிருந்து சென்னைக்குச் சுமார் நான்கு மணி நேரம். விமான நிலையத்தில் காத்திருப்பு, இறங்கிய பின் வரிசை என்று சேர்த்தால் எட்டு மணி நேரம் ஆகிவிடும். உடம்பில் உள்ள நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எரிச்சல், பதற்றம், தலைவலி, பசி எல்லாம் அதனால்தான். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் தணியும் என்றாலும், திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மிகக் கடினம். சரியாக அந்த நாட்களில்தான் கல்யாண வீடு.

இதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் நிகோடின் ஒட்டுப்பட்டையும் (பேட்ச்) நிகோடின் கம்மும் உதவும். மருந்தாக அனுமதி பெற்ற இவற்றுக்கு அந்தத் தடைச் சட்டம் பொருந்தாது. பட்டையை கேட்டில் நின்று ஒட்டினால் பயனில்லை. அது வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும், காலையிலேயே ஒட்ட வேண்டும். முழங்கைக்கு மேலே புஜத்திலோ மார்பிலோ ஒட்டினால் உளூவுக்கும் இடைஞ்சல் இல்லை. இடத்தைத் தினமும் மாற்ற வேண்டும். கம்மைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் தணிந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு கம் அரை மணி நேரம் வரும். காபி, ஜூஸ் குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் நிகோடின் சரியாக ஏறாது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவு உண்டு. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கும் பழக்கமுள்ளவருக்கு 4 தேவைப்படும். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் அளவையும், மாத்திரை தேவையா என்பதையும் அவருடைய இதய மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அங்கே சூயிங்கம்முக்கே கட்டுப்பாடு உண்டு, நிகோடின் கம் மருந்தாளர் வழியாகத்தான் கிடைக்கும்.

ரமளானில் பயணம் என்றால், நோன்போடு சிகரெட்டோ வேப்போ இழுத்தால் நோன்பு முறியும். கம்மும் அப்படியே. தோல் வழியாக உள்ளே போகும் ஒட்டுப்பட்டையால் நோன்பு முறியாது என்று ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1997இல் முடிவு செய்தது.

இந்தியாவில் இலவச ஆலோசனை எண் 1800-11-2356. புகையிலைப் பாக்கெட்டின் மீதே அச்சாகியிருக்கும்.

அந்தச் சகோதரர் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் போய் ஒட்டுப்பட்டைக்கு மாறினார். வேப்பை துபாயிலேயே போட்டுவிட்டு வந்தார். மச்சான்மார் விஷயத்தை நாம் யோசித்திருக்கவில்லை, அந்தச் சகோதரியே பார்த்துக்கொண்டார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன் தம் அண்ணன் தம்பி மூவருக்கும் தனித்தனியே போன் செய்து, “மச்சானிடம் சிகரெட்டை நீட்டினால் பந்தியில் உங்களுக்கு இடமில்லை” என்று சொல்லிவிட்டாராம். மூவரும் வாசலுக்கு வெளியே போய்த்தான் பிடித்தார்கள் என்று கேள்வி.