பங்கும் பங்குரிமையும்

கத்தோலிக்கர் தமது ஊர்த் திருச்சபையைப் 'பங்கு' என வழங்குவர். மட்டக்களப்பு வாவிக் கரையிலே இச்சொல் ஆழ்ந்த பொருள் பெறுகின்றது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் முதலாய இந்துக் கோயில்களிலே திருவிழாக் கடமைகளும் மரியாதைகளும் குடிமுறைப்படி பகிரப்பட்டு வந்துள்ளன. ஒருவர் சமூகத்துக்கு உரியவர் என்பது, அவர் வாயிலினுள் நுழைய விடப்படுவதனால் மட்டுமன்றி, வழிபாட்டில் அவருக்கென ஒரு கடமை இருப்பதனாலும் புலனாகும். தன்பாலீர்ப்பு உடையோர்க்கும் திருநங்கையர், திருநம்பியர்க்கும் பங்கு வாழ்விலே உரிய இடம் யாது என்பது பற்றிக் கத்தோலிக்கரிடையே நிலவும் கருத்து வேற்றுமையும் இத்தகைய உரிமை பற்றியதே. இதனை ஆராய்வோர் குற்றம், பாவம், பங்குரிமை என்னும் மூன்றையும் வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும்.

தன்பாலுறவைத் தண்டிக்கும் இலங்கைச் சட்டம் திருச்சபை ஆக்கியதன்று. அது பிரித்தானியர் 1883ஆம் ஆண்டில் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் வழிவந்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அது பெண்களையும் உள்ளடக்கிற்று. இதனை நீக்கும் நோக்குடைய சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. ஆயினும் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்படும் வரை அது நிறைவேறவில்லை. இந்தியாவில் இத்தகைய சட்டப் பிரிவு 2013 டிசெம்பரில் மீண்டும் நிலைநாட்டப்பட்டபோது, அன்றைய பம்பாய்ப் பேராயர் கருதினால் ஒஸ்வால்ட் கிரேசியஸ், தன்பாலீர்ப்பு உடையோரைக் குற்றவாளிகளாக நடத்தலாகாது என்றார். அதேவேளை, தன்பாலினத் திருமணத்தை அவர் ஏற்கவில்லை. 2023 சனவரியில் பாப்பரசர் பிரான்சிஸும் தன்பாலீர்ப்பு ஒரு குற்றமன்று எனக் கூறினார். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இலங்கையிலே கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்பதனையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினர். அரசு குற்றம் என்பதெல்லாம் அறத்தின் அளவுகோல் ஆகாது என்பதனை இத்தீவின் கத்தோலிக்கர் தம் முன்னோர் வாழ்வினின்றே அறிவர்.

பாவம் பற்றிய போதனையோ மாறவில்லை. 1986ஆம் ஆண்டு வத்திக்கான் ஆயர்களுக்கு விடுத்த மடலும், 1992ஆம் ஆண்டு வெளிவந்த மறைக்கல்வி நூலும் தன்பாலுறவுச் செயல்களை ஏற்க மறுத்தன. எனினும், தன்பாலீர்ப்பு உடையோரை மதிப்புடனும் பரிவுடனும் ஏற்க வேண்டும், நீதியற்ற பாகுபாடு காட்டலாகாது என அம்மறைக்கல்வி நூலே வலியுறுத்தியது. ஒரு சாரார் இதன் முற்பகுதியையும் மறுசாரார் பிற்பகுதியையும் ஆதாரமாகக் கொள்கின்றனர். ஆகவே, ஒரே நூலைக் கையிலேந்தி நின்றே இரு தரப்பினரும் வாதிடுகின்றனர் எனலாம்.

மூன்றாவதாகிய பங்குரிமையிலேயே பிணக்கு முற்றுகின்றது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே இத்தகையோருக்கான பணியைத் தொடக்கியோருள் ஒருவரான அருட்சகோதரி ஜெனின் கிராமிக் 1999இல் அப்பணியினின்று தடுக்கப்பட்டார். அவரையே பாப்பரசர் பிரான்சிஸ் 2023 ஒக்டோபரில் வத்திக்கானில் வரவேற்றார். அவ்வாண்டு டிசெம்பர் 18ஆம் திகதி, திருமணச் சடங்கை ஒவ்வாத எளிய ஆசியைத் தன்பாலின இணையருக்கு வழங்கலாம் என வத்திக்கான் அறிவித்தது. ஜேர்மனியத் திருச்சபை மன்றம் அதற்கு முன்னரே, 2023 மார்ச்சில், இத்தகைய ஆசிக்கு ஆதரவாக வாக்களித்திருந்தது. ஆபிரிக்க ஆயர்களோ 2024 சனவரியில், தம் கண்டத்தில் அது பொருந்தாது என்றனர்.

ஆசியினும் நமது பங்குகளை நெருங்கித் தொடுவது மற்றொரு விடை. மாற்றுப் பாலினத்தோர் திருமுழுக்குப் பெறலாம். விசுவாசிகளிடையே இடறலும் குழப்பமும் நேராதவிடத்து ஞானப்பெற்றோராகவும் நிற்கலாம் என 2023 ஒக்டோபர் 31ஆம் திகதியிட்ட வத்திக்கான் ஆவணம் கூறிற்று. ஞானத்தாய், ஞானத்தந்தை என்பன நம்மவரிடையே வெறும் பெயர்களல்ல. இரு குடும்பங்களை வாழ்நாள் முழுவதும் பிணைக்கும் உறவுகள். 'இடறல்' எது எனத் தீர்மானிக்கும் பொறுப்பு இதனால் உரோமையினின்று ஊர்ப் பங்குக் குருவிடமும் மக்களிடமும் வந்து சேர்கின்றது. அயலாரின் முணுமுணுப்பையே இடறலெனக் கொண்டால் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். போதனையைப் பொருட்படுத்தாது விட்டாலோ, நம்பிக்கையின் ஒருமை குலையும் என அஞ்சுவோரின் கவலைக்கு விடையில்லாமற் போகும். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்ப்போர், பாவிகள் எனத் தம்மை ஒப்புக்கொள்ளும் ஏனையோர்க்கு எக்கடமைகள் மறுக்கப்படவில்லையோ, அவை இவர்க்கு மட்டும் மறுக்கப்படுவதேன் என்ற வினாவுக்கு முதலில் விடை கூறுதல் வேண்டும்.